தினசரிக்கு ஒன்று, மலைக்கு ஒன்று: முதல் கத்தி எதை வாங்கலாம்?

பொதிகைநடை கேட்டது:

வணக்கம். கத்தி வாங்க வேண்டும், ஆனால் படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது.

வீடு திருவான்மியூரில், கடற்கரைக்கு நடக்கிற தூரம். உப்புக்காற்றில் ஜன்னல் கம்பிகூடத் தாங்காத இடம். தினசரி வேலை என்று பார்த்தால் பார்சல் பிரிப்பது, கயிறு, பிளாஸ்டிக் பட்டை அறுப்பது, ஆபீஸில் கொய்யா, மாங்காய் நறுக்குவது. மாதம் ஒருமுறை கொல்லிமலை, ஏற்காடு, கொடைக்கானல் பக்கம் நடை, இரவு தங்கல் உண்டு. அங்கே நாலு பேருக்குக் காய் நறுக்க வேண்டும், அடுப்புக்குச் சுள்ளி சீவ வேண்டும், கூடாரத்துக்கு முளைக்குச்சி செதுக்க வேண்டும்.

பட்ஜெட் ஆறாயிரம் ரூபாய். இரண்டுக்கும் ஒரே கத்தி போதுமா? கார்பன் ஸ்டீலா, ஸ்டெயின்லெஸ்ஸா? இணையத்தில் டி2 ஸ்டீல் என்றும் டமாஸ்கஸ் ஸ்டீல் என்றும் போட்டுப் பெரிய பெரிய கத்திகளைக் குறைந்த விலைக்கு விற்கிறார்கள், நம்பலாமா? இல்லை, ஊர்ப் பட்டறையில் அடித்து வாங்குவது நல்லதா? பிடித்துப்போனால் மெல்ல மெல்லச் சேர்த்து வைக்கவும் ஆசை. போலீஸ், வனத்துறை என்று பிரச்சினை வராமல் இருக்க என்ன கவனிக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

சாணைக்கல் பதில்:

ஒரே கத்தி போதாது. அதற்குக் காரணம் ஸ்டீல் இல்லை, தடிமன்.

மாங்காயை வைத்தே பாருங்கள். முதுகு ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன் உள்ள கத்தி சத்தமில்லாமல் கொட்டை வரை இறங்கும். முதுகு 4 மி.மீ. உள்ள 'சர்வைவல்' கத்தி ஒரு சென்டிமீட்டர் இறங்கியதுமே ஆப்பாக மாறிவிடும். கூர் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே சதை விண்டு டக்கென்று பிளக்கும், துண்டின் முகம் சொரசொரப்பாக இருக்கும். கேரட்டும் அப்படித்தான், நறுக்காது, ஒடிக்கும். எவ்வளவு தீட்டினாலும் இந்தக் குணம் போகாது. மெல்லிய கத்திக்கு வேறு குறை. அதைக் கட்டையில் குத்தி நெம்பினால் முனை ஒடியும், கணுவில் பட்டால் விளிம்பு பல் பல்லாக உதிரும்.

அதனால் ஒரு மடக்குக் கத்தி, ஒரு உறைக் கத்தி. ஆறாயிரத்துக்குள் இரண்டையும் முடிக்கலாம்.

மடக்குக் கத்திக்கு ஓப்பினெல் 8-ஆம் நம்பர், ஸ்டெயின்லெஸ் அலகு. 1890-இல் பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியில் தொடங்கிய வடிவம் இன்றும் பெரிதாக மாறவில்லை. அலகு எட்டரை சென்டிமீட்டர், தடிமன் ஒன்றரைக்குக் கொஞ்சம் மேல், பீச் மரப்பிடி. கழுத்தில் இருக்கும் வளையத்தைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். அந்த வளையம் 1955-இல் வந்தது. பழம், காய் நறுக்க இந்த விலையில் இதைவிட நல்ல அலகு கிடைப்பது கஷ்டம். பார்சலும் கயிறும்தான் அதிகம் என்றால் சுவிஸ் நிறுவனம் விக்டோரினாக்ஸின் 91 மி.மீ. வரிசையில் ரம்பம் வைத்த மாடல், உதாரணத்துக்கு ஹன்ட்ஸ்மேன். முளைக்குச்சி செதுக்கக் கத்தியைவிட அந்தச் சிறு ரம்பம்தான் உதவும். குச்சியை ரம்பத்தால் நீளத்துக்கு அறுத்துவிட்டு, கத்தியால் நுனியை மட்டும் சீவுங்கள். மேல்நுனியிலிருந்து இரண்டு விரல் கீழே ரம்பத்தால் கால்வாசி ஆழம் அறுத்து, கத்தியால் அதை நோக்கிச் சரிவாகச் சீவினால் கயிறு மாட்டும் காடி வந்துவிடும்.

உறைக் கத்திக்கு மோரா கம்பேனியன், அதுவும் ஸ்டெயின்லெஸ். ஸ்வீடனில் மோரா ஊரில் செய்வது. அலகு சுமார் 10 செ.மீ., தடிமன் 2.5 மி.மீ., ரப்பர் மாதிரியான பிடி ஈரக்கையில் வழுக்காது. அலகின் வால் பிடிக்குள் பாதிக்கு மேல் போகிறது, ஆனால் முழுதும் போகவில்லை. மணிக்கட்டு அளவு கட்டையை, முதுகில் இன்னொரு கட்டையால் தட்டிப் பிளக்க இது தாங்கும். அதற்கு மேல் பருமன் என்றால் கத்தி வேலையே இல்லை, அரிவாள் வேலை. தட்டும்போது கத்தி மாட்டிக்கொண்டால் பக்கவாட்டில் முறுக்காதீர்கள். கத்தி ஒடிவது பெரும்பாலும் அந்த முறுக்கில்தான். கட்டையைத் திருப்பிப்போட்டுத் தட்டி எடுங்கள்.

இனி ஸ்டீல். டி2-வில் கார்பன் ஒன்றரை சதவீதம், குரோமியம் பன்னிரண்டு. எண்ணைப் பார்த்தால் ஸ்டெயின்லெஸ் போலத் தோன்றும். ஆனால் அந்தக் குரோமியத்தில் கணிசமான பங்கு கார்பனோடு சேர்ந்து கார்பைடு என்னும் கெட்டித் துகள்களாகிவிடும், துருவைத் தடுக்க மிஞ்சுவது குறைவு. திருவான்மியூர்க் காற்றில் புள்ளி புள்ளியாகத் துரு வரும். மோராவில் வரும் 12சி27 என்ற ஸ்டீலில் கார்பன் 0.6, குரோமியம் 13.5 சதவீதம். கூர் டி2 அளவுக்கு நாள்பட நிற்காது, ஆனால் துரு தொல்லை குறைவு, பத்து நிமிடத்தில் தீட்டிவிடலாம். விக்டோரினாக்ஸ் அலகு ராக்வெல் என்னும் கடினத்தன்மை அளவில் 56 தான், இன்னும் மென்மை. முதல் கத்திக்கு அது குறையே இல்லை. தீட்டக் கற்றுக்கொள்ளும் கைக்கு மென்மையான ஸ்டீல்தான் நல்ல வாத்தியார்.

பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஒரே டி2-வை ஒருவர் சரியாகக் காய்ச்சித் தோய்த்துப் பதம் வைத்து 60-க்குக் கொண்டுவருவார், இன்னொருவரிடம் 54-இல் நின்று விளிம்பு மடங்கும். அலகில் பொறித்திருக்கும் எழுத்து இரண்டுக்கும் ஒன்றுதான்.

உலைக்களம் பதில்:

பட்டறைக் கத்தி பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். கட்டை பிளக்க, புதர் வெட்ட, இளநீர் சீவ அரிவாளுக்கு நிகர் இறக்குமதியில் கிடையாது. சிவகங்கை மாவட்டம் திருப்பாச்சேத்தி அரிவாளுக்கென்றே பெயர்பெற்ற ஊர். பெரும்பாலான பட்டறைகளில் லாரிப் பட்டைதான் மூலப்பொருள், அதாவது லீஃப் ஸ்பிரிங். நல்ல ஸ்டீல். ஆனால் அடிக்கிற கைக்குத் தகுந்தபடிதான் பொருள் வரும், எனவே வாங்குமுன் நாலு விஷயம் பாருங்கள்.

முதலாவது சத்தம். பிடி போடாத அலகைக் கயிற்றில் தொங்கவிட்டு ஒரு ஆணியால் தட்டுங்கள். கணீர் என்று இழுத்து ஒலித்தால் நல்லது. மொட்டையாக நின்றால் உள்ளே கீறல் இருக்கலாம். பட்டை ஸ்டீல் எண்ணெயில் தோய்க்க வேண்டியது. அதைச் செக்கச்செவேலென்று காய்ச்சித் தண்ணீரில் முழுதாக முக்கினால் வெடிப்பு விடும், கண்ணுக்குத் தெரியாத மயிரிழைக் கீறலாகக்கூட இருக்கும். தண்ணீரில் தோய்க்கிற நல்ல கைகள் விளிம்பை மட்டும் ஓரிரு நொடி காட்டி எடுத்து, முதுகில் மிச்சமிருக்கும் சூட்டை விளிம்புக்கு ஓடவிட்டுப் பதம் வைப்பார்கள். அதனால் விளிம்பு கெட்டியாகவும் முதுகு அதிர்ச்சி தாங்கும்படியும் அமையும்.

அடுத்து அரம். ஒரு புது அரத்தை விளிம்பின் அடிப்பக்கம், பிடி ஓரமாக, லேசாக ஓட்டுங்கள். கொஞ்சம் வழுக்கிக்கொண்டே கடித்தால் பதம் சரி. கட்டுக்கம்பியை அராவுவது போலச் சுருள் சுருளாக வந்தால் பதமே வைக்கவில்லை, இரண்டு நாளில் மழுங்கும். கண்ணாடி மேல் ஓடுவதுபோல அரம் வழுக்கிப்போனால் தோய்த்ததோடு, திரும்பச் சூடு காட்டாமல் விட்டுவிட்டார்கள், கணு பட்டால் துண்டு துண்டாக உதிரும்.

மூன்றாவது நேர். முதுகை மேலே வைத்துக் கண்ணோட்டம் பாருங்கள். நுனி இடமோ வலமோ ஓடியிருந்தால் ஒவ்வொரு வெட்டும் அந்தப் பக்கம் இழுக்கும்.

கடைசியாகப் பிடி. வாலைக் காய்ச்சி மரத்துக்குள் இறக்கிப் பூண் போட்டிருப்பார்கள். பச்சை மரமாக இருந்தால் காய்ந்தபின் சுருங்கி ஆட்டம் காணும். ஆடுகிற பிடியோடு ஓங்கி வெட்டினால் அலகு கழன்று பறக்கும், எதிரில் நிற்பவர் மேல் படும். ஆட்டம் தெரிந்த அன்றே அலகைக் கழற்றி, துளையையும் வாலையும் சுத்தம் செய்து, இரண்டு பாகம் கலக்கும் எப்பாக்ஸி ஊற்றி ஒருநாள் முழுக்க அசையாமல் வையுங்கள்.

ஆனால் முதுகுப்பை போட்டு நடப்பவர் அரிவாள் தூக்கத் தேவையில்லை. தோட்டம் வைத்திருப்பவருக்கு அது. பட்டறையில் உங்களுக்குச் செய்யச் சொல்வதானால் நாலரை அங்குல அலகு, முதுகு 3 மி.மீ.க்கு மேல் வேண்டாம் என்று அட்டையில் வரைந்து வெட்டிக்கொண்டு போங்கள். அளவு சொல்லாவிட்டால் பட்டையின் தடிமன் அப்படியே நிற்கும், மாங்காய் கதைதான்.

டமாஸ்கஸ் பற்றி. இன்று அந்தப் பெயரில் விற்பது பல அடுக்கு ஸ்டீலைச் சேர்த்து அடித்து, அமிலத்தில் ஊறவைத்துக் கோலத்தை வெளிக்காட்டுவது. நம் ஊர் உருக்கு வேறு. அது மூசையில், அதாவது உருக்கும் மண்குடுவையில், அடைத்து உருக்கி எடுத்த கட்டி, கோலம் உள்ளேயே விளைவது. ஈரோடு மாவட்டம் கொடுமணல் அகழாய்வில் அந்தத் தொழிலின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. மலிவு விலையில் வரும் டமாஸ்கஸ் பலவற்றில் கோலம் லேசரால் பொறித்ததாகவே இருக்கிறது. முதுகைப் பாருங்கள். உண்மையான அடுக்கென்றால் பக்கத்தில் ஓடும் கோடு முதுகின் மேல் ஏறி மறுபக்கம் இறங்கும். வரைந்ததென்றால் ஓரத்தில் அறுந்து நிற்கும்.

நெய்தல் பதில்:

கடலோரத்தில் கார்பன் ஸ்டீல் வைத்துக்கொள்ளவே முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தினமும் கையில் புழங்குகிற கார்பன் கத்தி கெடாது, பெட்டியில் தூங்குகிற கார்பன் கத்திதான் கெடும். எலுமிச்சை, மாங்காய், புளி பட்டால் அலகு கறுத்து நீலம் ஓடும். அது துரு இல்லை, பயப்படாதீர்கள். அந்தக் கறுப்புப் படலம் அடுத்து வரும் செந்துருவைக் கொஞ்சம் தடுக்கும். சிவப்பாகத் தூள் எழும்பினால் மட்டும்தான் கவலை. உடனே எண்ணெய் தொட்டு, நைசான ஸ்டீல் வுல்லால் மெதுவாகத் துடையுங்கள். எலுமிச்சை நறுக்கிய கார்பன் கத்தியை அப்படியே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் பழத்தில் இரும்பு வாடை ஏறும், இது மட்டும் உண்மை.

ஆனாலும் முதல் கத்திக்கு ஸ்டெயின்லெஸ் என்று சாணைக்கல் அண்ணன் சொன்னதுதான் சரி. அதுவும் 'துருப்பிடிக்காதது' இல்லை, 'சீக்கிரம் துருப்பிடிக்காதது' என்று எடுத்துக்கொள்ளுங்கள். கழுவி, துடைத்து, காற்றாட அரைமணி நேரம் வைத்துவிட்டு உறையில் போடுங்கள். ஈரத்தோடு உறைக்குள் போன கத்தியில் முதலில் துரு வருவது விளிம்பில்தான், நீங்கள் பார்க்கும்போது கூரே போயிருக்கும்.

மருந்துக்கடையில் லிக்விட் பாரஃபின் கிடைக்கும். நிறம், மணம் இல்லை, உணவில் பட்டாலும் பரவாயில்லை. ஒரு துணியில் இரண்டு சொட்டு விட்டு அலகில் தடவுங்கள், மெழுகினது போலத் தெரிந்தால் போதும். சமையல் எண்ணெய் வேண்டாம், மாதக்கணக்கில் வைத்தால் பிசுபிசுத்துக் காறிப்போகும். பலாப்பழத்துக்கு மட்டும் விதிவிலக்கு. வெட்டுமுன் அலகில் தேங்காயெண்ணெய் தடவினால் பால் ஒட்டாது, ஒட்டினாலும் அதே எண்ணெயால்தான் போகும், தண்ணீரால் போகாது.

சேகரிப்புக்கு வருகிறேன், எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. தோலுறை அழகுதான், ஆனால் அதற்குள் வைத்துக் கத்தியைச் சேமிக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுக்கும், பதனிட்ட உப்பும் அமிலமும் உள்ளே இருக்கும். இரண்டு மழைக்காலத்தில் அலகில் உறையின் தையல் வடிவத்திலேயே கறை விழும். உறையைத் தனியாகவும், கத்தியை எண்ணெய் தடவி மெழுகுக் காகிதத்தில் சுற்றித் தனியாகவும் வையுங்கள். இறுக மூடும் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பை. ஐப்பசி, கார்த்திகையில் மாதம் இரண்டுமுறை திறந்து பாருங்கள்.

பழைய பேனாக்கத்தி வாங்கினால் பிடியை முகர்ந்து பாருங்கள். கற்பூர வாடை அடித்தால் அது செல்லுலாய்டு. வயதானபின் அது சிதைந்து அமில ஆவி விடும். தன் அலகை மட்டும் இல்லை, ஒரே பெட்டியில் பக்கத்தில் இருக்கும் மற்றக் கத்திகளையும் அரித்துவிடும். அதைத் தனியே, காற்றோட்டமாக வைக்க வேண்டும். பழைய கத்தியைப் பளபளவென்று பாலிஷ் போடவும் வேண்டாம், ஆலை முத்திரை தேய்ந்துபோனால் திரும்ப வராது.

எதைச் சேர்ப்பது என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பணம்தான் கரையும். விக்டோரினாக்ஸ் என்றால் 1897-இல் பதிவுசெய்யப்பட்ட ஆபீசர் கத்தியின் வழிவந்தவை மட்டும், ஓப்பினெல் என்றால் எண் வரிசைப்படி சின்னதிலிருந்து பெரியது வரை, இப்படி. என்னைக் கேட்டால் நம் ஊர்ப் பொருளைச் சேருங்கள் என்பேன். பாளை சீவும் அரிவாள், கதிர் அரிவாள், தேங்காய்த் துருவல் வைத்த அரிவாள்மனை, பித்தளைப் பிடியில் பறவையும் குதிரையும் வார்த்த பாக்குவெட்டி. பாக்குவெட்டியை உலகம் முழுக்கத் தேடிச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். நம் வீட்டுப் பரணில் இருப்பது பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போகிறது என்பது வயிற்றெரிச்சல்.

வனக்காவல் பதில்:

சட்டம் பற்றி யாரும் சொல்லவில்லை.

1959 ஆயுதச் சட்டத்தின் விதிகளில் வாள், கட்டாரி, ஈட்டி முதலியவற்றோடு, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகொண்ட கத்திகளும் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. கிர்பான், குக்ரி இரண்டையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டவைக்கு விலக்கு உண்டு. அரிவாளும் சமையல் கத்தியும் அந்த விலக்கில்தான் நிற்கின்றன. ஆனால் தோட்டத்தில் இருக்கும்போது அது விவசாயக் கருவி. நள்ளிரவில் பைக்கில் சொருகியிருந்தால் அப்படி வாதாட முடியாது. மேலே சொன்ன இரண்டு கத்திகளும் அளவில் மிகச் சிறியவை. இருந்தாலும் இடுப்பில் தொங்கவிடாதீர்கள். சமையல் சாமானோடு பையின் அடியில் வையுங்கள். யாராவது கேட்டால் காய் நறுக்க என்று உள்ளதைச் சொல்லுங்கள். தற்காப்புக்கு என்று ஒரு வார்த்தை வாயில் வந்தால் அந்த நொடியே அது ஆயுதம். பட்டனைத் தட்டினால் பாயும் ஸ்பிரிங் கத்தியை வாங்கவே வேண்டாம்.

காட்டில் கணக்கு வேறு, இதைப் பலர் கவனிப்பதில்லை. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 'ஆயுதம்' என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே கத்தி இருக்கிறது, அங்குலக் கணக்கு எதுவும் இல்லை. 31-ஆம் பிரிவின்படி எழுத்துமூல அனுமதியில்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக் கூடாது. தேசியப் பூங்காவுக்கும் இதே விதி. கொடைக்கானலிலும் சரணாலயம் இருக்கிறது. நடைக்கு அனுமதிச் சீட்டு வாங்கும்போதே சமையல் கத்தி கொண்டுபோகலாமா என்று கேட்டு, வேண்டாம் என்றால் வண்டியிலேயே விட்டுவிடுங்கள்.

சுள்ளி சீவி அடுப்பு மூட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். சரணாலயத்துக்கு ஆபத்து வரும்படி அதற்குள் தீ மூட்டுவதும் குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணியில் நடைபயணிகள் காட்டுத்தீயில் சிக்கி இறந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும், அதன்பிறகு நடைபயண விதிகள் இறுகியிருக்கின்றன. தனியார் தோட்டத்தில் உரிமையாளர் அனுமதித்த இடத்தில் மட்டும் அடுப்பு வையுங்கள். பச்சை மரக்கிளை எதையும் வெட்டாதீர்கள், கீழே விழுந்த சுள்ளியே முளைக்குச்சிக்குப் போதும்.

விமானத்தில் கைப்பையில் எந்தக் கத்தியும் வேண்டாம், சாவிக்கொத்தில் தொங்கும் சின்னதும்கூட. செக்-இன் பெட்டியில் போட்டு அனுப்புங்கள்.

பொதிகைநடை:

எல்லோருக்கும் நன்றி. தீ விஷயம் இவ்வளவு தெளிவாகத் தெரியாது, இனி கேஸ் ஸ்டவ்தான். ஓப்பினெல் 8, மோரா கம்பேனியன் இரண்டும் ஸ்டெயின்லெஸ்ஸில் வாங்க முடிவு. இன்னும் இரண்டு சந்தேகம். கடையில் கையில் வாங்கியதும் எதைச் சோதிக்க வேண்டும்? காந்தம் ஒட்டினால் போலி ஸ்டெயின்லெஸ் என்கிறார்களே? அடுத்து, தீட்டுவது எப்படி? தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா?

சாணைக்கல் பதில்:

காந்தச் சோதனையை மறந்துவிடுங்கள். கத்திக்குப் பயன்படும் ஸ்டெயின்லெஸ் ஏறக்குறைய எல்லாமே காந்தத்தில் ஒட்டும். ஒட்டாத ஸ்டெயின்லெஸ் சாப்பாட்டுத் தட்டு செய்கிற வகை, அதைத் தோய்த்துக் கெட்டிப்படுத்த முடியாது. காந்தம் ஒட்டாத கத்தி வந்தால்தான் நீங்கள் சந்தேகப்பட வேண்டும்.

கடையில் மடக்குக் கத்தியைத் திறந்து, அலகின் முனையை இரு விரலால் பிடித்து மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசைத்துப் பாருங்கள். பூட்டிய நிலையில் மேல்கீழ் ஆட்டம் இருந்தால் வேண்டாம். முதுகைக் கையால் மடக்குகிற திசையில் அழுத்துங்கள், விரல்கள் அலகின் பாதைக்கு வெளியே இருக்கட்டும், பூட்டு நகரக் கூடாது. மேசையில் ஓங்கித் தட்டிச் சோதிக்கிற வழக்கம் இருக்கிறது, அது நல்ல பூட்டையும் கெடுக்கும். பின்னால் எப்போதாவது லைனர் லாக் வகை வாங்கினால், திறந்ததும் உள்ளிருக்கும் தகடு அலகின் அடியில் கால்வாசி முதல் பாதி வரை வந்து நிற்க வேண்டும். ஓரத்தில் மட்டும் தொட்டால் நழுவும், மறுகோடி வரை ஓடியிருந்தால் தேய்மானத்துக்கு இடமே இல்லை. மடக்கியபின் அலகு நடுவில் உட்காருகிறதா, விளிம்பைக் கண்ணுக்கு நேரே வெளிச்சத்தில் பிடித்தால் எங்காவது வெள்ளைப் புள்ளி மின்னுகிறதா, பாருங்கள். மின்னும் இடம் மழுங்கிய இடம். நல்ல கூர் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது.

சாணைக்காரரிடம் அரிவாள்மனையும் வெட்டுக்கத்தியும் கொடுக்கலாம், மெல்லிய கத்தியைக் கொடுக்க வேண்டாம். உலர்ந்த சக்கரத்தில் பொறி பறக்கும்போது விளிம்பு ஓரிரு நொடியில் சூடேறிவிடும். கார்பன் அலகில் வைக்கோல் நிறம் வந்தால் சுமார் 220 டிகிரி, நீலம் வந்தால் 300-ஐ நெருங்கிவிட்டது என்று கணக்கு. நீலம் ஓடிய இடத்தில் பதம் போய்விட்டது. பிறகு எத்தனை முறை தீட்டினாலும் அந்த இடம் மட்டும் மழுங்கிக்கொண்டே இருக்கும், நீலத்தைத் தாண்டிக் கல்லில் தேய்த்து எடுத்தால்தான் தீரும். இழுத்தால் கூராகும் என்று விற்கிற 'வி' வடிவப் பிளவுக் கருவியும் வேண்டாம், அது விளிம்பைச் சுரண்டிப் பிய்க்கும்.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் இருபக்கக் கருப்புக் கார்போரண்டம் கல் அரிவாளுக்கு அருமை, உங்கள் கத்திகளுக்கு முரடு. ஒரு 1000 கிரிட் (எண் கூடக் கூட நைஸ்) தண்ணீர்க் கல் வாங்குங்கள், பல் போன விளிம்புக்கு மட்டும் 400. கல்லை அதன் குறிப்பில் சொன்னபடி நனைத்து, ஈரத்துணி மேல் நகராமல் வையுங்கள்.

ஓப்பினெலுக்குப் பக்கத்துக்கு 18 முதல் 20 டிகிரி போதும். டிகிரியைக் கண்ணால் அளக்க முடியாது, முதுகின் உயரத்தை அளக்கலாம். அலகின் அகலம் 20 மி.மீ. என்றால் முதுகைக் கல்லிலிருந்து 6 முதல் 7 மி.மீ. தூக்கினால் கணக்குச் சரியாக வரும். வீட்டுச் சமையல் கத்தி 45 மி.மீ. அகலம் என்றால் 12 மி.மீ. தூக்குங்கள், அது 15 டிகிரி. தொடங்குமுன் விளிம்பின் சாய்வில் மார்க்கர் பேனாவால் மை பூசி நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை மேலே மட்டும் அழிந்தால் முதுகைத் தாழ்வாகப் பிடித்திருக்கிறீர்கள். விளிம்பின் நுனியில் மட்டும் அழிந்தால் தூக்கிவிட்டீர்கள். சாய்வு முழுக்க அழிந்தால் கை சரியான இடத்துக்கு வந்துவிட்டது.

அதே கோணத்தில் ஒரு பக்கம் மட்டும் தேயுங்கள், பிசிறு எழும்பும் வரை. பிசிறு என்பது மறுபக்கம் மடங்கி எழும் மெல்லிய இரும்பு மயிர். கட்டைவிரலை முதுகிலிருந்து விளிம்பை நோக்கி, வெளிப்பக்கமாகத் தள்ளித் தடவினால் கொக்கி மாதிரி நெருடும். விளிம்பின் நீளவாக்கில் விரலை ஓட்டாதீர்கள், அறுத்துவிடும். அடியிலிருந்து முனை வரை எல்லா இடத்திலும் நெருடினால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. தீட்டியும் அறுக்கவில்லை என்று வருகிற புகார் பெரும்பாலும் பிசிறு எழும்புவதற்கு முன்பே பக்கம் மாற்றியதால்தான். இரண்டு பக்கமும் எழும்பியபின் அழுத்தத்தைக் கத்தியின் சொந்த எடை அளவுக்குக் குறைத்து, பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் பத்து இழுப்பு. பிறகு பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில், முதுகு முன்னே போக, பதினைந்து முறை இழுங்கள். விளிம்பை முன்னால் தள்ளினால் தோல் அறுபடும். செய்தித்தாளை ஒரு கையில் தொங்கவிட்டு நறுக்குங்கள். எங்காவது திக்கினால் அந்த இடத்தில் பிசிறு மிச்சம் இருக்கிறது.

மோரா இதைவிட எளிது. அதன் சாய்வு ஒரே தட்டையான அகலப் பட்டை. அதைக் கல்லில் படுக்க வைத்து, இரண்டு விரலால் சாய்வின் மேலேயே அழுத்தித் தேய்த்தால் கோணம் தானாக அமையும். வளைவு வரும் இடத்தில் மட்டும் பிடியை மெல்ல உயர்த்த வேண்டும். கணுவில் பட்டு உதிர்கிறது என்றால் கடைசியில் கொஞ்சம் தூக்கி, பக்கத்துக்கு மூன்று லேசான இழுப்பு கொடுங்கள், விளிம்பு கெட்டியாகும்.

நெய்தல் பதில்:

ஓப்பினெல் முடிவு செய்துவிட்டதால் ஒன்று. மழைக்காலத்தில் பீச் மரம் ஊறி அலகு உள்ளேயே இறுகிக்கொள்ளும், நகத்தால் எடுக்க வராது. கொறடால் இழுக்காதீர்கள், அலகில் தழும்பு விழும். வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, பிடியின் பின்முனையை மரப்பலகை மேல் தட்டுங்கள், அலகு கொஞ்சம் வெளியே எட்டிப்பார்க்கும், அங்கிருந்து எடுக்கலாம். வாங்கியதும் பிடியின் பிளவுக்குள் ஒரு காதுகுடையும் பஞ்சால் லிக்விட் பாரஃபின் தடவி இரவு முழுக்க ஊறவிட்டு, மறுநாள் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை இப்படிச் செய்தால் இறுகுவது வெகுவாகக் குறையும். மாங்காய் நறுக்கியபின் அலகை மட்டும் கழுவுங்கள், பிடியைத் தண்ணீரில் முக்காதீர்கள். அப்படியும் இறுகினால், நன்றாகக் காயவிட்டு, பிளவின் உள்பக்கச் சுவரை நைஸ் உப்புத்தாளால் இரண்டே இழுப்பு தேயுங்கள். அதிகம் தேய்த்தால் கோடையில் அலகு தொளதொளவென்று தானே திறக்கும்.